'எந்த ஊர்?' என்று கேட்ட நகரமும் சிவப்புக் கொடி பிடித்த பிள்ளைகளும்

சைனிக்புரிவாசிகள் ஓட்டுப் போடுவது மல்காஜ்கிரி பார்லிமெண்டுத் தொகுதியில். வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய தொகுதி இது. 2024 தேர்தலில் 37 லட்சம் பேருக்கு மேல் பட்டியலில் இருந்தார்கள். 2019-ல் இங்கே சுமார் 11 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர் காங்கிரசின் ரேவந்த் ரெட்டி. மாணவராக இருந்தபோது அவர் இருந்த இடம் ஏ.பி.வி.பி. 2024-ல் ஜெயித்தவர் பாரதீய ஜனதாவின் ஈட்டல ராஜேந்தர். மாணவராக இருந்தபோது அவர் நின்றது இடதுசாரிகள் பக்கம். வலப்புறம் புறப்பட்டவர் காங்கிரசில் சேர்ந்து 2023 டிசம்பரில் முதன் மந்திரியாகவே ஆனார். இடப்புறம் புறப்பட்டவர் தாமரைச் சின்னத்தில் வந்து நின்றார்.

கல்லூரியில் எந்தக் கொடியைப் பிடித்தாலும் முடிவில் எல்லாம் ஒன்றுதான் என்று சைனிக்புரியில் ஒரு தமிழ்த் தகப்பனார் தம் மகனுக்குப் புத்தி சொல்ல விரும்பினால் இதைவிடச் சௌகரியமான உதாரணம் கிடைக்காது. மகனிடமும் பதில் இருக்கும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல அவன் 1952-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்தால், இடது, வலது என்ற வழக்குக்கு முன்னால் இந்த ஊரில் வேறொரு வழக்கு இருந்து வந்தது தெரியும். 'நீ எந்தக் கட்சி?' என்பதற்கு முன் ஐதராபாத் கேட்ட கேள்வி, 'நீ எந்த ஊர்?' என்பது. இடதுசாரி மாணவன் ஒவ்வொரு தலைமுறையிலும் இந்தக் கேள்வியில்தான் இடறியிருக்கிறான். பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இது இரட்டைச் சங்கடம்.

பட்டாளத்துக் காலனி

சைனிக்புரி என்ற பெயரே சொல்கிறது, இது ஓய்வு பெற்ற ராணுவத்தினருக்காக எழுந்த குடியிருப்பு. ஒரு பக்கம் நேரேட்மெட், இன்னொரு பக்கம் ஏ.எஸ். ராவ் நகர், அதையடுத்து ஈ.சி.ஐ.எல். நாற்சந்தி. 1967-ல் அணுசக்தித் துறையின் கீழ் ஈ.சி.ஐ.எல். தொடங்கியது, சற்றுத் தள்ளி அணு எரிபொருள் தொழிற்சாலை வந்தது. மௌலாலியிலும் லாலாகுடாவிலும் ரயில்வே. திருமலகிரி, பொல்லாரம் பக்கம் கன்டோன்மெண்ட். மத்திய சர்க்கார் சம்பளத்தில் வாழ்ந்த தமிழர்களை இந்தப் பிரதேசம் பல தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. பட்டாளத்துடன் வந்தவர்கள், ரயில்வேயுடன் வந்தவர்கள், தேர்வு எழுதி மாற்றலில் வந்த குமாஸ்தாக்கள் என்று பல வகை.

ஓட்டுப் போடும் இயந்திரத்தை உருவாக்கியவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான் என்பது பலருக்கு ஞாபகத்தில் இராது. 1977-ல் தேர்தல் கமிஷன் ஈ.சி.ஐ.எல்.லிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸும் பிறகு சேர்ந்து கொண்டது. 1982-ல் கேரளத்தில் பரவூர்ச் சட்டசபைத் தொகுதியின் 50 சாவடிகளில் முதன்முதலாக அது வைக்கப்பட்டது. ஜெயித்தவர் இந்தியக் கம்யூனிஸ்டு வேட்பாளர் சிவன் பிள்ளை. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் வழக்குப் போட்டார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட, அந்தச் சாவடிகளில் மறுவாக்குப் பதிவு நடந்து காங்கிரஸ்காரரே ஜெயித்தார். இயந்திர ஓட்டில் முதலில் ஜெயித்து முதலில் பதவி இழந்தவர் ஒரு கம்யூனிஸ்டு! சட்டம் திருத்தப்பட்டது அதற்குப் பிறகுதான், 1988-ல்.

'இட்லி - சாம்பார், திரும்பிப் போ!'

1948-ல் போலீஸ் நடவடிக்கையுடன் நிஜாம் ராஜ்யம் முடிந்தது. நிர்வாகத்தை நடத்த சென்னை ராஜ்யத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் உத்தியோகஸ்தர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வந்தார்கள். நிஜாம் காலத்திலேயே 'முல்கி' விதி இருந்தது. பதினைந்து வருஷம் ராஜ்யத்தில் குடியிருந்தவருக்கே சர்க்கார் வேலை என்பது அதன் சாரம். பொய் முல்கிச் சான்றிதழ் வாங்கி வெளியூர்க்காரர் வேலையில் நுழைகிறார்கள் என்ற குமுறல் வாரங்கல்லில் வெடித்து 1952-ல் ஐதராபாத்துக்குப் பரவியது. மாணவர்கள் எழுப்பிய கோஷங்களில் ஒன்று 'இட்லி - சாம்பார், கோ பேக்'.

இட்லியும் சாம்பாரும் யாரைக் குறித்தன? பெரும்பாலும் கிருஷ்ணா, குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களை. ஆனால் சென்னை ராஜ்யத்திலிருந்து வந்தவர் எல்லோரும் 'மதராசி' என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்ட காலம் அது. தமிழனுக்கும் அந்தக் கோஷம் காதில் விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிட்டி காலேஜ் அருகே போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள், உயிர்கள் போயின. நீதிபதி பிங்களி ஜகன்மோகன் ரெட்டி விசாரித்தார்.

அதே 1952-ல்தான் நல்கொண்டாவிலிருந்து ரவி நாராயண ரெட்டி, மக்கள் ஜனநாயக முன்னணியின் சார்பில், பிரதம மந்திரி நேருவைவிட அதிக ஓட்டு வாங்கிப் பார்லிமெண்டுக்குப் போனார். தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் முந்திய ஆண்டுதான் ஓய்ந்திருந்தது. கிராமத்தில் நிலம் யாருக்கு என்று கம்யூனிஸ்டுகள் கேட்டுக் கொண்டிருந்தார்கள். பட்டணத்தில் வேலை யாருக்கு என்று மாணவர்கள் கேட்டார்கள். இரண்டு கேள்விகளும் ஒரே வருஷத்தில், ஒரே ராஜ்யத்தில் எழுந்தன. ஆனால் இரண்டும் கைகோத்துக் கொள்ளவில்லை. அந்த இடைவெளி பிறகும் அடைபடவே இல்லை.

ஒருவர் போனார், ஒருவர் இருந்தார்

1956-ல் தெலுங்கானாவை ஆந்திராவுடன் சேர்த்தபோது கனவான்கள் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. வேலையிலும் செலவிலும் தெலுங்கானாவின் பங்குக்குக் காப்பு உண்டு என்றார்கள். அந்தக் காப்பு காகிதத்தோடு நின்றது என்பதே 1969 கிளர்ச்சிக்கு வித்து. கம்மம், கொத்தகூடம் பக்கத்தில் ஆரம்பித்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தீயாகப் பிடித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. உயிரிழந்தவர்கள் 369 பேர் என்பது இயக்கத்தினர் சொல்லும் கணக்கு. அவர்களுக்குச் சட்டசபைக்கு எதிரே கன் பார்க்கில் ஸ்தூபி நிற்கிறது.

அந்த நாளில் மத்திய சர்க்கார் வேலையிலிருந்த தமிழர்கள் முல்கி விதிக்கு அப்பாற்பட்டவர்கள். கோபமும் முக்கியமாக ஆந்திரப் பகுதிக்காரர்கள் மேல்தான். இருந்தாலும் ஒரு மனச் சங்கடம் உண்டு. 1965-ல் தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்தவர், இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போயிருப்பார். போகாவிட்டாலும் அதை நியாயம் என்று எண்ணியிருப்பார். 1967-ல் விருதுநகரில் காமராஜரையே மாணவர் தலைவர் சீனிவாசன் தோற்கடித்தபோது, மாணவர் கிளர்ச்சி ஒரு ஆட்சியை மாற்றும் என்பதைக் கண்ணால் கண்டவர். அவரே 1969-ல் செகந்தராபாத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் ஊர்வலம் போகிறது. இந்த முறை அவர் மண்ணின் மைந்தர் அல்ல. மண் கேட்கிறவர்களுக்கு அவர் வெளியூர்க்காரர்.

அந்த வருஷத்துக் கிளர்ச்சி ஒரு பள்ளி மாணவனை டில்லிக்கு அனுப்பியது. சென்னையில் 1952-ல் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த சீதாராம் எச்சூரி அவர். குடும்பத்தின் பூர்வீகம் காக்கிநாடா. தகப்பனார் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பொறியாளர். தாயாரும் சர்க்கார் உத்தியோகம். ஐதராபாத்தில் படிப்பு தடைப்பட்டதால் டில்லிப் பள்ளியில் சேர்ந்து, அகில இந்திய அளவில் முதல் ராங்க் வாங்கினார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். 1974-ல் எஸ்.எப்.ஐ.யில் சேர்ந்தார். நெருக்கடி நிலையில் கைதானதால் டாக்டர் பட்ட ஆராய்ச்சி பாதியில் நின்றது.

இந்திரா காந்தி அருகில் நிற்க, ஒல்லியான வாலிபர் ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்கும் படம் எல்லோருக்கும் பழக்கம். நெருக்கடி நிலையின்போது மன்னிப்புக் கேட்கும் படம் என்று அதற்குத் தப்பான விளக்கம் கொடுத்துப் பரப்புகிறவர்கள் உண்டு. நடந்தது 1977-ல், தேர்தலில் இந்திரா தோற்ற பிறகு. பிரதமர் பதவி போன பின்பும் பல்கலைக்கழக வேந்தர் பதவியில் அவர் நீடித்தார். மாணவர்கள் அவர் வீட்டுக்கே ஊர்வலமாகப் போய், ராஜினாமா கோரும் மனுவை எச்சூரி அவர் முன்னால் வாசித்தார். வேந்தர் பதவியை அவர் விட்டுவிட்டார். எச்சூரி 2015-லிருந்து 2024 செப்டம்பரில் மறையும் வரை மார்க்சிஸ்டு கட்சியின் பொதுச் செயலாளர்.

ஐதராபாத்திலேயே இருந்துவிட்டவர் ஜார்ஜ் ரெட்டி. பிறந்தது 1947-ல், தமிழ்நாட்டு எல்லையில் பாலக்காட்டில். தாயார் மலையாளி, தகப்பனார் தெலுங்கர். எந்த ஊர் என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாத பிள்ளை. நிஜாம் கல்லூரியிலும் பிறகு உஸ்மானியாவிலும் படித்தார். பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்று ஆராய்ச்சியில் சேர்ந்தார். குத்துச்சண்டையும் தெரியும். பல்கலைக்கழகத்தில் செல்வாக்குள்ள கோஷ்டிகளின் அடாவடியை எதிர்த்து, கிராமத்திலிருந்து வந்த ஏழை மாணவர்களைத் திரட்டினார். வியட்நாம் போரைப் பற்றிப் பேசிய அதே கூட்டத்தில் ஹாஸ்டல் மெஸ் பற்றியும் பேசக் கூடியவர்கள் அந்தக் காலத்து இடதுசாரி மாணவர்கள். ஜார்ஜ் அந்த வகை. 1972 ஏப்ரல் 14-ந் தேதி பொறியியல் கல்லூரி விடுதியில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். வயது 25. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வழக்கில் விடுதலையானார்கள். அவர் வழி வந்த மாணவர்கள் பின்னர் பி.டி.எஸ்.யூ. சங்கத்தை அமைத்தார்கள். 2019-ல் அவர் பெயரிலேயே தெலுங்கில் சினிமாவும் வந்தது. சினிமாவுக்குத் தேவை ஒரு சண்டைக்காரர். பௌதிகப் பதக்கம் வாங்கிய ஆராய்ச்சி மாணவர் அதில் கொஞ்சம் பின்னால் போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மதுரைக்காரர் ஒரு வக்கீல், தஞ்சைக்காரர் ஒரு கலெக்டர்

நெருக்கடி நிலை பிரகடனமாகி ஒரு மாதம் ஆவதற்குள், 1975 ஜூலையில், மேடக் ஜில்லாவில் கிராயிபள்ளிக் காட்டில் நான்கு வாலிபர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சூரபனேனி ஜனார்தன் வாரங்கல் ரீஜனல் இஞ்சினியரிங் கல்லூரி மாணவர். 'என்கவுண்டர்' என்றது போலீஸ். பிடித்துக் கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றார்கள் குடும்பத்தினர். நாடெங்கும் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு இருந்த நேரம். கேட்பார் யார்?

கேட்டவர்களில் ஒருவர் தமிழர். கே.ஜி. கண்ணபிரான் 1929-ல் மதுரையில் பிறந்தவர்; சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கி 1960-களின் தொடக்கத்தில் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தவர். பார்வதிபுரம் சதி வழக்கு, செகந்தராபாத் சதி வழக்கு என்று பெரிய பெரிய நக்சலைட் வழக்குகளில் ஆஜரானார். நெருக்கடி நிலை நீங்கிய பின், ஜெயப்பிரகாஷ் நாராயணன் முயற்சியில் நீதிபதி தார்குண்டே தலைமையில் ஒரு குழு கிராயிபள்ளியை விசாரித்தது. கண்ணபிரானும் அதில் ஒருவர். அது மோதல் அல்ல, கொலை என்று குழு அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் சர்க்கார் நியமித்த பார்கவா கமிஷன் முன் போலீஸ் அதிகாரிகளை அவர் குறுக்கு விசாரணை செய்தார். மூடிய கதவுக்குள் மீதி விசாரணை என்ற நிலை வந்ததும் உரிமைக் குழுவினர் விலகினார்கள். கமிஷன் முழுமை பெறாமலே நின்றது. 1978-லிருந்து 1994 வரை ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைச் சங்கத்துக்குக் கண்ணபிரான் தலைவர். துப்பாக்கி வழியை அவர் ஆதரித்தாரா என்று கேட்டவர்கள் பலர். சட்டத்தை முதலில் மதிக்க வேண்டியது சட்டத்தின் பெயரால் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வாதாடிய கட்சி.

இன்னொருவர் எஸ்.ஆர். சங்கரன். தஞ்சாவூர் ஜில்லாக்காரர், ஆந்திரப் பிரதேசத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1970-களில் கொத்தடிமைகளை விடுவிப்பதிலும், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் விடுதிகளிலும் பள்ளிகளிலும் அவர் காட்டிய அக்கறை தெலுங்கு நாட்டில் கதையாகப் பேசப்படுகிறது. 1987-ல் நக்சலைட்டுகள் கடத்திய அதிகாரிகளில் அவரும் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அதே நக்சலைட்டுகளுக்கும் சர்க்காருக்கும் இடையே பேச்சு வார்த்தை நடக்கப் பாடுபட்டார். 2004-ல் அது நடக்கவும் செய்தது. பத்மபூஷண் பட்டத்தை ஏற்கவில்லை. சங்கரன் 2010 அக்டோபரிலும் கண்ணபிரான் அதே டிசம்பரிலும் மறைந்தார்கள். இந்த இருவரையும் ஐதராபாத்தில் 'எந்த ஊர்?' என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழ்ச் சங்கங்களின் பொன்னாடைப் பட்டியலில்தான் இவர்கள் பெயர் அதிகம் தென்படுவதில்லை.

கிராயிபள்ளிச் செய்தி மெல்ல வெளியே கசிந்தபோது கல்லூரிப் பிள்ளைகள் இருந்த வீடுகளில் பயம் வந்தது. ரயில்வே குமாஸ்தா வீடு ஒன்றை நினைத்துக் கொண்டால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்.

"கூட்டம் கீட்டம்னு போனேன்னு கேள்விப்பட்டேன். போலீஸ் ரிக்கார்டிலே பேர் ஏறிச்சுன்னா சென்ட்ரல் கவர்ண்மெண்ட் உத்தியோகம் கனவிலேயும் கிடைக்காதுடா."

"எழுபத்து நாலு ஸ்டிரைக்கிலே நீங்களும்தானே அப்பா போனீங்க?"

"போனதனாலேதான் சொல்றேன்."

1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தம் இருபது நாள் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், பலருக்கு வேலை போனது. குவார்ட்டர்ஸை விட்டுக் குடும்பத்தோடு விரட்டப்பட்டவர்கள் உண்டு. தகப்பனாரின் பயம் கோழைத்தனம் அல்ல, அனுபவம். மகனுக்கு வந்த அரசியலும் ஏதோ புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பாதி அந்த வீட்டிலிருந்தே வந்தது. சிவப்புக் கொடியை அவன் முதலில் பார்த்தது தகப்பனாரின் யூனியன் கூட்டத்தில்தான்.

சான்றிதழ் படுத்தும் பாடு

முல்கி விதி செல்லும் என்று 1972 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இம்முறை ஆந்திரப் பகுதி கொதித்தது. 'ஜெய் ஆந்திரா' இயக்கம் பிறந்தது. பி.வி. நரசிம்மராவ் மந்திரிசபை போய் 1973 ஜனவரியில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. செப்டம்பரில் ஆறு அம்சத் திட்டம். அதன்படி முல்கி விதி ரத்தானது. பதிலுக்கு அரசியல் சட்டத்தில் 371-டி என்ற பிரிவு நுழைந்தது. 'முல்கி' போய் 'லோக்கல்' வந்தது என்றால் விஷயம் விளங்கும்.

இது மாணவனுக்கு எப்படி வேலை செய்தது? 1974 உத்தரவுப்படி கல்லூரிகளில் 85 சதவீத இடம் உள்ளூர் மாணவருக்கு. தகுதித் தேர்வோடு முடியும் நான்கு வருஷம் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்திருந்தால் அவன் உள்ளூர். தாய்மொழி எது, தாத்தா ஊர் எது என்ற கேள்வி இல்லை. பிழைக்க வந்தவன் பிள்ளைக்கு முல்கி விதியின் பதினைந்து வருஷத்தை விட இது எவ்வளவோ மேல். இங்கே பள்ளிக்கூடம் போன தமிழ்ப் பிள்ளை சட்டப்படி இந்த ஊர்ப் பிள்ளை. இந்த நல்ல அம்சத்தைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் வளையம் வரவர இறுகியிருக்கிறது. தனி மாநிலம் ஆன பிறகு வந்த 2018 உத்தரவின்படி மாநில சர்க்கார் வேலையில் 95 சதவீதம் உள்ளூருக்கு. ஒன்று முதல் ஏழாம் வகுப்பு வரை குறைந்தது நான்கு வருஷம் எங்கே படித்தானோ அதுவே அவன் ஊர். மருத்துவப் படிப்புக்கு 2024-ல் வந்த விதி, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை நான்கு வருஷமும் தெலுங்கானாவில் படித்திருக்க வேண்டும் என்றது. சில விதிவிலக்குகளோடு 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. பிளஸ் டூவுக்கு நாமக்கல் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்பும் சைனிக்புரிப் பெற்றோர் இதைத் தெரிந்து கொண்டு சேர்ப்பது நலம். இரண்டு வருஷ விடுதி வாசத்தில் பிள்ளை இங்கே அசலூர் ஆகிவிடக் கூடும்.

இடதுசாரி மாணவன் இதை எப்படிப் பார்க்க வேண்டும்? 'தொழிலாளிக்கு ஊர் ஏது?' என்பது மேடைக்கு நல்ல வசனம். ஆனால் வாரங்கல் கிராமத்து மாணவனுக்கு முன்னால் அதைச் சொன்னால் அவன் சிரிப்பான். நான்கு தலைமுறையாக உத்தியோகம் பார்த்த குடும்பத்துப் பிள்ளையோடு அவன் ஒரே தேர்வை எழுத வேண்டும். அவனுக்கு 85 சதவீதம் என்பது வாழ்வா சாவா என்கிற விஷயம். இங்கே உள்ளூர் ஒதுக்கீடு நியாயம்தான். அதேசமயம் இருக்கிற ஆயிரம் வேலையைப் பங்கு போடுவதில் மட்டும் முழு ஆவேசமும் செலவாகிப் போய், வேலை ஏன் ஆயிரம்தான் என்ற கேள்வி எழாமலே போகிறது. இரண்டு பாதியையும் சேர்த்துச் சொன்ன இயக்கம் இந்த ஊரில் அபூர்வம்.

இரண்டுபட்ட கம்யூனிஸ்டுகள்

1969-ல் இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் தனித் தெலுங்கானாவை எதிர்த்தன. சுந்தரய்யா தலைமுறைக்கு 'விசாலாந்திரா' வெறும் கோஷம் அல்ல. நிஜாமை எதிர்த்துப் பெற்ற லட்சியம். மொழிவழி மாநிலம் என்ற கொள்கையை விட்டுக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தமிழனுக்கு இது புரியும். ஆனால் தெலுங்கானா மாணவன் கேட்டது மொழியை அல்ல. ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் ஏன் ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்று கேட்டான். இதைக் கேட்க வேண்டியவர்கள் கம்யூனிஸ்டுகள். கேட்டவர்களோ வேறு ஆட்கள். சென்னா ரெட்டியின் தெலுங்கானா பிரஜா சமிதி 1971 பார்லிமெண்டுத் தேர்தலில் தெலுங்கானாவின் 14 தொகுதிகளில் 10-ஐ வாரிக் கொண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் காங்கிரசில் கரைந்தது! மாணவர் ரத்தத்தில் விளைந்த பயிரை மந்திரிகள் அறுத்தார்கள் என்று அன்றைய வாலிபர்கள் கசந்து போனதில் வியப்பில்லை.

நாற்பது வருஷம் கழித்து மீண்டும் அதே பாடம். 2009 நவம்பர் இறுதியில் கே. சந்திரசேகர ராவ் உண்ணாவிரதம் தொடங்க, உஸ்மானியா மாணவர்கள் போராட்டத்தைத் தோளில் தூக்கினார்கள். தீக்குளித்தவர்களும் மாணவர்களே. டிசம்பர் 9-ந் தேதி இரவு தனி மாநிலத்துக்கான நடவடிக்கை தொடங்கும் என்று டில்லியில் அறிவித்தவர் அன்றைய உள்துறை மந்திரி ப. சிதம்பரம், நம் சிவகங்கைக்காரர். இந்த முறை இந்தியக் கம்யூனிஸ்டு கட்சி தனி மாநிலத்தை ஆதரித்தது. மார்க்சிஸ்டு கட்சி பழைய நிலையிலேயே நின்றது. இடதுசாரி மாணவர் சங்கங்களும் அப்படியே பிரிந்தன. 2014 ஜூன் 2-ல் மாநிலம் பிறந்தது. பிறந்த பிறகு மாணவர்களின் முதல் முழக்கம், எதிர்பார்த்தது போலவே, 'வேலை எங்கே?'

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு அம்சத் திட்டத்தின் ஓர் அம்சமாக 1974-ல் ஐதராபாத்தில் மத்தியப் பல்கலைக்கழகம் தோன்றியது. 'லோக்கல்' விதி தொடாத இடம். தமிழ்ப் பிள்ளைகளும் ஏராளமாகப் படித்த இடம். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த குண்டூர் ரோஹித் வேமுலா முதலில் எஸ்.எப்.ஐ.யில் இருந்தார், பிறகு அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்குப் போனார். விடுதியிலிருந்து நீக்கப்பட்ட ஐந்து மாணவர்களில் ஒருவரான அவர் 2016 ஜனவரி 17-ந் தேதி உயிரை மாய்த்துக் கொண்டார். நாடு முழுவதும் மாணவர்கள் கொந்தளித்தார்கள். சிவப்பிலிருந்து நீலத்துக்கு அவர் கொடி மாறியதே இடதுசாரி மாணவர் இயக்கத்தின் மேல் ஒரு விமரிசனம். 'எந்த ஊர்?' என்பதைப் போலவே 'என்ன சாதி?' என்பதையும் வர்க்கம் பார்த்துக் கொள்ளும் என்று ஒத்திப் போட்டதன் பலன் அது.

கச்சிபௌலி நிலம்

உஸ்மானியாவில் மாணவர் சங்கத் தேர்தல் 1980-களின் பிற்பகுதியோடு நின்று போனது. மாணவனாக ஓட்டுக் கேட்டுப் பழகாமலே அரசியலுக்கு வரும் தலைமுறைகள் உருவாயின. காண்டிராக்டும் கல்லூரியும் நடத்துகிறவர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் மட்டும் தேர்தல் தொடர்ந்து நடந்து வந்தது. சிவப்பும் நீலமும் காவியும் மாறி மாறி ஜெயிக்கும். 2025 செப்டம்பரில் ஜெயித்தது ஏ.பி.வி.பி. இடதுசாரி மாணவர்களுக்கு இது நல்ல காலம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே 2025-ன் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு மாதிரி. கஞ்ச கச்சிபௌலியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரைத் தொழில் வளர்ச்சிக்கு ஏலம் விட ரேவந்த் ரெட்டி சர்க்கார் முடிவு செய்தது. மார்ச் கடைசியில் புல்டோசர்கள் நுழைந்தன. மரங்கள் சாய்ந்தன, மானும் மயிலும் வெருண்டோடின. தடுக்கப் போன மாணவர்களைப் போலீசார் வேனில் ஏற்றினார்கள். இடதுசாரிகள், அம்பேத்கர் சங்கத்தினர், ஏ.பி.வி.பி. எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். கேரளத்துப் பிள்ளையும் ஒரிசாப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் படிக்கிற இடம் அது. ஊர் எது என்று அந்த வாரம் யாரும் விசாரித்துக் கொண்டிருக்கவில்லை. நிலம் சர்க்காருடையது, கோர்ட்டே சொல்லிவிட்டது என்றார்கள் மந்திரிகள். 1970-களில் பல்கலைக்கழகத்துக்கு 2,300 ஏக்கர் என்று காட்டினார்களே தவிர, பட்டாவை அதன் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. ஏப்ரல் 3-ந் தேதி, மரம் வெட்டுவதை உடனே நிறுத்தும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.